வலது முழங்கை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். மலையில் குளிர் எப்படி? இருமல் என்று எழுதியிருந்தாயே, போய்விட்டதா, இல்லை அதுவாகப் போகட்டும் என்று வழக்கம்போல விட்டுவிட்டாயா? போன் எடுக்கிற இடத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பேருக்கு வானிலை நிலையம். ஊருக்கெல்லாம் மழை சொல்கிறீர்கள், ஒரு டவர் வைக்க ஆளில்லை. செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தால்தான் உனக்குத் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் பைக் வாங்கிவிட்டார். சாதாரண பைக் இல்லை, அட்வென்ச்சர் பைக்காம். கல், மேடு, சேறு எல்லாவற்றிலும் போகுமாம். இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. சீட் என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக மேலும் கீழுமாகவே போன மனிதருக்கு, ஐம்பது தாண்டியதும் நேராகப் போக ஆசை வந்திருக்கிறது.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் லேபில் ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, உட்கார்ந்துதான் பார்த்தால் என்ன? அந்த விபத்துக்குப் பிறகு ஒன்பது வருஷமாக நான் இரண்டு சக்கரத்தில் ஏறியதில்லை. நீயும் ஏறியதில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் இரண்டே தடவை வீட்டுக்கு வந்தாய். இரண்டு தடவையும் என் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு, அன்றைக்கு மாலை பஸ்ஸிலேயே ஓடிவிட்டாய். நான் மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று தெரிந்தால், உனக்கும் அந்த நாள் முடிந்துபோகும் என்று நினைக்கிறேன். நினைப்பது தப்பா?

பதில் போடு. காதையும் மார்பையும் மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் இல்லை. இந்தக் குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

நீ உட்கார வேண்டாம்.

அத்தான் ஓட்டட்டும், அவர் நிதானமானவர். பின் சீட்டில் நீ வேண்டாம். தண்ணீர்த் தொட்டி வளைவில் லாரி எதிரே வந்தபோது வண்டி நின்றிருக்க வேண்டும். பாய்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் நான் கைப்படப் பழுது பார்த்த வண்டி அது. ஆக்சிலேட்டர் கேபிளை நானே மாட்டினேன், விபத்துக்குப் பிறகு நானே கழற்றியும் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. அப்படியென்றால் முறுக்கியது என் கைதான். ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு வித்தை காட்டப் பார்த்திருக்கிறேன் போல. அப்பாவிடம் அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடுகிறவரை என்னோடு பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குச் சிராய்ப்பு. உனக்கு மூன்று இடத்தில் எலும்பு முறிவு. இதை நீ மறக்கலாம், எனக்கு அந்த வசதி இல்லை.

இங்கே வேலை எளிது. காலை எட்டரைக்கு மழைமானி பார்த்து எழுத வேண்டும், காற்றின் திசை எழுத வேண்டும். என் கை கெடுப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. அதனால்தான் ஸ்பேனரை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம். முழங்கால் காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கும், பத்து மணிக்குமேல் சொன்ன பேச்சு கேட்கும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ வேண்டாம் என்றதால் வேண்டாம் என்று இருந்துவிடுவேனா? உனக்கு என்னைத் தெரியாதா?

பத்து நாளாக ஒத்திகை நடக்கிறது. இடது கால் முழுக்க மடங்காது, அதனால் வலது பக்கம் ஒரு மர ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். இடது காலை மிதியில் ஊன்றி வலது காலை வீசுவதுதான் முறையாம். எனக்கு அந்த முறை ஆகாது. ஸ்டூலில் நின்று, அத்தானின் தோளைப் பிடித்து, மடங்காத காலை முதலில் அனுப்ப வேண்டும். நேற்று ஏறும்போது என் செருப்பு கழன்று கீழ்வீட்டு டைலர் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் துணி வெட்டுவதை விட்டுவிட்டு, "நீங்க பைக்ல ஏறுறதுக்குள்ள நான் ரெண்டு பிளவுஸ் முடிச்சிடுவேன்"னு சொல்கிறார். வாய்க்கொழுப்பு.

பேச்சு காற்றில் கேட்காது என்று சைகையும் வைத்திருக்கிறோம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. "மூணு தட்டுன்னா என்ன?" என்று கேட்டார். "மூணு தட்டு தட்டினா நான் ஏற்கெனவே இறங்கிட்டேன்னு அர்த்தம்" என்றேன்.

மார்ச் எட்டாம் தேதி ஞாயிறு. எங்கள் முதல் பயணம். நகரத்துக்கு வெளியே அணை ஏரிவரை போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவது. போய்விட்டு வந்து எழுதுகிறேன். அதைப் படித்த பிறகு நீ வர வேண்டும். இது வேண்டுகோள் இல்லை.

உன் அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும்.

அத்தானிடம் சொல். ஆள் இருவர், பெட்டியில் சாமான். பின் டயரில் காற்று கூடுதலாக வைக்க வேண்டும், எவ்வளவு என்று செயினை மூடும் தகட்டில் ஒட்டியிருப்பார்கள். பெட்டியில் கனமானதை அடியில் வை. முழுக்கைச் சட்டை, ஷூ. செருப்பு கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி உன் காலை நீட்டு. சரளைக் கல்லில் முன் பிரேக்கை அமுக்கக் கூடாது.

எட்டாம் தேதி இங்கே வானம் தெளிவாக இருக்கும். உங்கள் பக்கமும் மழை இல்லை. அலுவலக வேலை நேரத்தில் பார்த்துச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே.

திரும்பி வந்ததும் உடனே எழுது. உடனே.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம்தானே. உடனே எழுதச் சொன்னாய், மூன்று நாள் ஆகிவிட்டது.

போய் வந்தோம்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். டைலர் குடும்பத்தோடு வாசலில் நின்று கை காட்டினார். முதல் கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன், அத்தானிடம் சொல்லவில்லை. மரக்கடைகள் தாண்டியதும் மரத்தூள் வாசனை வந்தது, அதற்காகக் கண்ணைத் திறந்தேன். தம்பி, அந்த சீட் உயரத்தில் உட்கார்ந்தால் மதில் சுவருக்கு அந்தப்பக்கம் தெரிகிறது. இத்தனை வருஷம் பஸ்ஸில் போன சாலைதான். ஒரு வீட்டுக் கொல்லையில் ஒருத்தி தலை துவட்டிக்கொண்டிருந்தாள், இன்னொரு வீட்டில் ஒரு மனிதர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயில்வே கேட்டில் நின்றபோது அத்தான் திரும்பி, "பயமா இருக்கா?" என்றார். "இல்லை, போங்க" என்றேன். உண்மையாகவே இல்லை.

அணைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் தார்ச்சாலை முடிந்து சரளைக் கல் பாதை ஆரம்பித்தது.

ஏரி நன்றாக இருந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். பைக்கின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஸ்டாண்டைச் சரியாகப் போடாமல் நிறுத்தியதில் சாய்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

லேபில் வேலை அதிகம். மூன்று செட் பாக்கி. பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக வந்து சேர்ந்ததைப் படித்த பிறகு இன்னும் நலம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கொல்லையில் உடற்பயிற்சி செய்த மனிதரைப் பற்றி ஜீப் டிரைவருக்கும் படித்துக் காட்டினேன். அவர், "உங்க அக்கா பயங்கர ஆளா இருப்பாங்க போல"ன்னார். "ஆமா" என்றேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வேறொருவர் ஓட்டும் வண்டியில் நீ பயமில்லாமல் உட்கார்ந்தாய் என்றால், என் கை செய்ததை நீ மன்னித்துவிட்டாய் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா? நீ ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ ஆம் என்று ஒரு வரி எழுதினால் மே மாதம் வருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா பதில் எழுதினாளா என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அதை மேஜை டிராயரில் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். அதனால் நானே எழுதுகிறேன்.

உங்களிடம் தொழில் முறையில் ஒரு யோசனை கேட்க வேண்டும். ஏரிக்குப் போன அன்று நாங்கள் விழுந்த கதையை அவள் எழுதியிருப்பாள். சரளைப் பாதையில் ஒரு வளைவு. எதிரே டிராக்டர். நான் வேகத்தைக் குறைத்து நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா என் வலது முழங்கையை இறுக்கிப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். தட்டுக்கு நாங்கள் போட்ட சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. வண்டி நிற்பதற்குப் பதில் ஒரு துள்ளு துள்ளிப் புதரில் சாய்ந்தது. நல்லவேளை, கண்ணாடியோடு போயிற்று. நான் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் முழங்கைக்கு மருந்து தடவினாள். வெளிப்பக்கம் நாலு விரல், உள்பக்கம் ஒரு கட்டைவிரல், அச்சு எடுத்தது போல் நீலமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருந்தை மூடாமல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து இப்படித்தான். பைக்கை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கையை இழுத்தால் ஆக்சிலேட்டர் திறந்துகொள்ளும், இல்லையா? பயத்தில் கையைப் பிடிக்காமல் இருக்க அவளுக்கு எப்படிப் பழக்குவது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தான்

ஏப்ரல் 25

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் முழங்கை ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. வலது முழங்கை கீழே போனால் மணிக்கட்டு பின்னால் திரும்பும், ஆக்சிலேட்டர் திறக்கும். ஓட்டுகிறவருக்குத் தான் முறுக்கியதாகவே தோன்றும். பின்னால் இருப்பவர் இரண்டு கையையும் ஓட்டுகிறவரின் இடுப்பில் வைக்க வேண்டும். முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம்.

விழுந்ததை அக்கா எனக்கு எழுதவில்லை. நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

மே மாதம் நான் வரவில்லை.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

ஒரு வரி கேட்டாய். ஆறு வாரமாக என்னால் எழுத முடியவில்லை. ஆம் என்று எழுதினால் அது பாவம். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. நான்தான் கேட்க வேண்டும்.

கண்ணாடி ஸ்டாண்டால் உடையவில்லை. சரளை வளைவில் ஒரு டிராக்டர் வந்தது. பயத்தில் நான் அத்தானின் வலது முழங்கையைப் பிடித்து இழுத்தேன். வண்டி துள்ளியது. வீட்டுக்கு வந்து அவர் கையில் என் விரல்களின் அச்சைப் பார்த்தேன். என் வேலையே அச்சைப் பார்ப்பதுதான். ஒருவர் வாயின் பிளாஸ்டர் அச்சை வைத்து, அவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரா என்று சொல்லிவிடுவேன். அந்த நாலும் ஒன்றும் நான் முன்னால் பார்த்தவை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு நின்றாயே, உன் வலது முழங்கையில் அதே நீலம், அதே இடத்தில். டாக்டர் கேட்டதற்கு, விழுந்ததில் அடிபட்டது என்றாய்.

அன்றைக்கே எனக்குத் தெரியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நல்லவளாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. முழுக்கத் தெரியாது. ஆனால் அந்த அச்சைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. மயக்க மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோரும் வந்து எனக்காக அழுதார்கள், அப்பா உன்னை வாசலில் நிற்க வைத்துத் திட்டினார், நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் யோசிக்கவே இல்லை. யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது.

உன் கை ஒன்றும் செய்யவில்லை. முறுக்கியது நான்.

நீ எனக்கு இனி எழுதாமல் போய்விடுவாயோ என்று பயந்துதான் மார்ச்சில் பொய் எழுதினேன். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உன் அக்கா

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? ஆறு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. ஜீப் கெட்டுப்போயிருக்குமோ என்று முதல் மூன்று வாரம் நினைத்தேன். பிறகு பேப்பரில் உங்கள் நிலையத்தின் மழை அளவு ஒழுங்காக வருவதைப் பார்த்தேன். ஆக, நீ இருக்கிறாய், எழுதுகிறாய், எனக்குத்தான் எழுதவில்லை.

அப்பா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். படம் என்ன செய்யும். அத்தானிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் வலது முழங்கையைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "அவனுக்கு டைம் குடு"ன்னார். கொடுக்கிறேன். எத்தனை வேண்டுமானாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று இல்லை.

உன் அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

உடம்பு சரியாக இருக்கிறது. மழை பிடித்துவிட்டது, நேற்று மட்டும் அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

நீ எழுதும் முன்பே எனக்குத் தெரியும். அத்தான் எழுதியிருந்தார். நான்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன், அவரிடம் பாயாதே. அதற்குப் பிறகு, நீயாகச் சொல்கிறாயா என்று காத்திருந்தேன். சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. சொல்லிவிட்டாய்.

சொன்னதும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது கோபம். ஒன்பது வருஷம், அக்கா. எனக்குப் பிடித்த மெக்கானிக் வேலை. ராத்திரி கையை நீட்டி வைத்துக்கொண்டு, எதற்கடா முறுக்கினாய் என்று அதைக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம்கூடப் போகட்டும். அப்பா. அவரிடம் போய், நான் வித்தை காட்டவில்லை அப்பா என்று இனி நான் சொல்ல முடியாது. அதுதான் ஆறவில்லை. இரண்டு நாள் மழைமானி அளவைத் தப்பாக எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், இல்லையென்றால் நான் யோக்கியன் இல்லை. அன்றைக்கு லேபிலிருந்து கிளம்பும்போது நீ, "ஆட்டோல போறேன்டா, எனக்கு பயமா இருக்கு"ன்னு சொன்னாய். நான் சிரித்து உன்னை ஏற்றினேன். தொட்டி வளைவு வருவதற்குள் மூன்று தடவை "மெதுவா போ" என்றாய். கையை எங்கே வைப்பது என்று உனக்குச் சொல்லித் தரவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லித் தந்தவன், சொந்த அக்காவுக்குச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்துதான் விழுந்தோம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

போன வாரம் ஜீப் டிரைவரின் பைக்கைக் கேட்டு வாங்கினேன். நிலையத்து வாசலிலிருந்து முதல் வளைவுவரை போனேன். முழங்கை ஆடவில்லை, கை சொன்னதைக் கேட்டது. அங்கேயே நிறுத்திவிட்டு அழுதேன். டிரைவர் பைக்குக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். அத்தானை வண்டியோடு பஸ் நிலையத்துக்கு வரச் சொல். வீட்டுக்கு யார் ஓட்டுவது என்பதை நாங்கள் அங்கே முடிவு செய்துகொள்கிறோம்.

ஒன்று கவனித்தாயா? இந்த ஒன்பது வருஷத்தில் நான் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கு முன்னால் ஒரு ரேடியோவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாம். விபத்துக்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் சரி, சரி என்றேன். உன் காலை உடைத்தவன் எந்த முகத்தோடு உன்னிடம் சண்டை போடுவது? அதனால்தான் வந்த அன்றைக்கே ஓடினேன். சண்டை போட முடியாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

இப்போது என்னிடம் கோபம் நிறைய இருக்கிறது. கடிதத்தில் எழுதி அதை வீணாக்கப் போவதில்லை. நேரில் கொண்டுவருகிறேன். நீயும் சும்மா இருக்க மாட்டாய், தெரியும். பத்து நாள் லீவு போட்டிருக்கிறேன்.

தம்பி